அடைத்த ஓட்டை

முப்பது வருஷமாகக் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். எங்கே ஒழுகினாலும் கை பரபரக்கும். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "என் ரோஜாவ மட்டும் பார்த்துக்குங்க, வந்துடுறேன்" என்றாள். வரவேயில்லை.

அதுவரை ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷர், காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று ஊற்றினார். பார்த்தால், தொட்டியின் அடியில் ஓட்டை, தண்ணீர் கசிகிறது! பதறிப்போய் சிமெண்ட் குழைத்து, சொட்டுக்கூட ஒழுகாதபடி அடைத்தார்.

ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு செம்பு சேர்த்தார்.

மாடிவீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னண்ணே, ரோஜா வளர்க்கிறீங்களா, மீன் வளர்க்கிறீங்களா?"

இறங்கி வந்து செடியைத் தொட்டாள். அழுகிய வேரோடு கையில் வந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"அடி ஓட்டைய யாருண்ணே அடைச்சது? மிச்சத் தண்ணி வெளிய போகத்தானே அது இருக்கு? மண்ணுல விரல விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும்."

"ஒழுகுதேன்னு நெனச்சேம்மா" என்றார் அவர். "அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

அந்த அழுகிய செடியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.