டெல்லி தந்த அனுமதி

ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் நிற்கிறேன். மலேசியாவிலிருந்து வந்திருக்கும் எனக்கு இங்கே படமெடுக்க டெல்லி அனுமதி கொடுத்துவிட்டது. ஃபோர்மேன் அந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கிறார்.

“எல்லாம் சரியா இருக்கு, உள்ள வாங்க. கேமரா பேட்டரிய மட்டும் இங்கன கழட்டி வச்சிருங்க. தீப்பொறி ஆகாது.”

“பேட்டரி இல்லாமல் எப்படி எடுக்கிறது?”

“அத டெல்லியில கேட்டிருக்கணும்.”

வெளியிலேயே காத்திருக்கிறேன். வேலை முடிந்து பெண்கள் வருகிறார்கள். கையெல்லாம் வெள்ளி நிற மருந்து. ஒருவரிடம், “எடுக்கலாமா அக்கா?” என்கிறேன்.

“எங்கன காட்டுவீக?”

“மலேசியாவில்.”

“அய்யோ, வேணாம்மா. எம்மவன் அங்கனதான் இருக்கான். இந்த வேலைய விட்டுட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.”

கேமராவைப் பையில் வைக்கிறேன். கம்பெனி வேனில் ஏறிய அந்த அக்கா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விடுகிறார்.

“சாத்தூர் வரைக்கும் வாரீகளா?”