பலாமரத்துக்காகப் பேசியவர்

ரோஸ்லின் அக்கா இறந்த செய்தி தவக்காலத்தின் நடுவில், செனாய் தொழிற்சாலைக் கேண்டீனில் என்னை வந்தடைந்தது. "தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்று அவர் தங்கை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டேன். "டிகிரி வாங்குனியே, வாய மட்டும் அங்கேயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று அக்கா சிரித்துவிட்டு, நான் கேட்க நினைத்ததை அவரே எழுந்து கேட்டுவிடுவார்.

எங்கள் ஊர் பெக்கான் நானாஸில் இருக்கும் சிற்றாலயத்தை அறிந்தவர்களுக்கு அதன் பலாமரத்தையும் தெரியும். ஒருமுறைகூடக் காய்த்ததில்லை. பறவை உட்காராது. காற்றில்லாத பகலிலும் அதன் இலைகள் மட்டும் அசையும். பைபிளில் கனி தராத அத்திமரத்துக்காக இன்னும் ஓராண்டு கேட்டு மன்றாடிய தோட்டக்காரனின் உவமை எங்களுக்கு அங்கே பலாவாகிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை காலையில் ஆலயக் குழுவின் அந்தோணி அங்கிள் கோடாலியுடன் நின்று, "காய்க்கிறியா, வெட்டவா?" என்று மரத்தைக் கேட்பார். மரத்தின் பின்னால் மறைந்து நிற்பவர் மரத்துக்காகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வெட்டிவிட வேண்டும் என்பது வழக்கம்.

பதில் சொன்னவர் எப்போதும் அக்காதான். குரல் அடிமரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பிள்ளைகள் அழுவார்கள்.

"காய்க்காத மரத்துக்கு என்னாத்துக்கு இவ்ளோ பாவம் பாக்கிற?" என்று அங்கிள் ஒருமுறை கேட்டார்.

"ஒங்க காடி யாரு நெழல்ல நிக்குது அங்கிள்?"

அக்கா மரத்தடியில் நின்ற அவருடைய காரைக் காட்டினார்.

இந்த ஆண்டு மரத்தின் பின்னால் நிற்க யாரும் முன்வரவில்லை. வெட்டினால் வாகனம் நிறுத்த இடம் கிடைக்கும் என்று ஆலயக் குழுவில் சிலர் காத்திருந்தார்கள். அங்கிள் கேட்டார். பதில் இல்லை. நான் மரத்தின் பின்னால் போய் நின்றேன். அந்த வெயிலிலும் பட்டை சில்லென்றிருந்தது. அவர் மறுபடியும் கேட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் குடுங்க" என்றேன்.

அங்கிள் கோடாலியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தபோது அங்கிளின் முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா, ஒரு தடவ சொன்னா பத்தாதா? ஏன் ரெண்டு தடவ சொன்ன?"

நான் ஒருமுறைதான் சொன்னேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இடம். அடுத்த ஆண்டும் நான்தான் நிற்பேன் என்று பாதரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அப்போது, பேசி முடித்ததும் உடனே வெளியே வராமல், அந்த இரண்டாவது குரலுக்காகக் காத்திருப்பேன்.