மூடியை எறிந்த மழைநாள்

குனோங் ராபாட் சிக்னலில் முன்னால் நின்ற பழைய கார் இருமி இருமி அணைந்தது. பெட்ரோல் வாடை என் காருக்குள் புகுந்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

எழுபதுகளின் கடைசி, நான் சிறுபிள்ளை. தோட்டத்து டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் அப்பா, இரண்டே கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் வேறொரு காரின் இன்ஜினை மாட்டியிருந்தார். கொஞ்ச தூரம் ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றிக் கழுவியும் சரியாகவில்லை. அம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, அதில்தான் சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, கொட்டும் மழையில் வண்டி நின்றது. பின்சீட்டுக்குக் கதவு இல்லை, கண்ணாடியும் திறக்காது. முன்சீட்டை மடக்கினால்தான் நான் இறங்க முடியும், அதில் அம்மா துடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தூக்கிய பானெட் வெளியுலகத்தையே மறைத்துவிட்டது. அம்மா பின்னால் கைநீட்டி என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"கார்புரேட்டருக்கு எண்ணெயே வரலலா!" என்று அப்பா கத்தியபடி பின்பக்கம் ஓடி, பெட்ரோல் டாங்கி மூடியைத் திருகினார். டாங்கி புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டதால் பெட்ரோல் இறங்காமல் இருந்திருக்கிறது. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, துணியைச் செருகி ஓட்டினார். அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வருவதற்குள் தம்பி அந்த முன்சீட்டிலேயே பிறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு அழைத்துப்போக அப்பா அதே காரில் வந்தார்.

"இப்ப நல்லா ஓடுதுலா, ஏறு."

"நீங்க ஓட்டிட்டு வாங்க. நாங்க பஸ்ல வாரோம்," என்று அம்மா குழந்தையோடு நடந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடினேன்.

சிக்னலில் முன்னால் நின்ற பழைய கார் கிளம்பிப் போயிருந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினேன்.