அண்ணை அனுப்பிய பேஸ்போல் கசெட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் லண்டன் வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம், எந்த நாட்டுக் கசெட்டைப் போட்டாலும் ஓடும் ஒரு வீடியோ டெக். கனடாவில் பதிந்த கசெட் லண்டனின் சாதாரண டெக்கில் ஓடாது. சொந்தபந்தம் நாலு நாட்டில் சிதறிக் கிடந்ததால், எங்கள் ஆட்கள் கட்டில் வாங்க முன்னமே இந்த டெக்கை வாங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரொறன்ரோவில் இருந்து அண்ணை ஒரு பேஸ்போல் கசெட் அனுப்புவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் எல்லே விளையாடியவர்கள். கம்பால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிவருகிற விளையாட்டு அது; ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவர் அவுட். பேஸ்போல் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். லண்டனில் நான் இருந்த கோலியர்ஸ் வுட்டில் கிரிக்கெட் பேச எத்தனையோ பேர் இருந்தார்கள். பேஸ்போல் பேச நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருஷம் கசெட் வந்தபோது என் மனைவி லண்டனுக்கு வந்து ஏழு கிழமை. பெரியவர்கள் பேசிச் செய்த கலியாணம். அதற்கு முன் நான் அவளுடைய போட்டோவைத்தான் பார்த்திருந்தேன். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சமைப்பாள், ஜன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சூட்கேசைக் காலி செய்யவே இல்லை. வேண்டிய உடுப்பை எடுத்துவிட்டு மறுபடி பூட்டிவைப்பாள்.

ஒருநாள் சொன்னாள், "எனக்கு இஞ்ச ஏலாது. பாரிசில அக்காவிட்டப் போகட்டே?"

தீபாவளி வரை பொறுத்துப் பார்ப்போம், பிறகும் ஏலாவிட்டால் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டேனே தவிர, போனால் திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கசெட்டைப் போட்டேன். எறிபவர் யார், அடிப்பவர் யார் என்று அவளுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எல்லே தானே. ஓடுற ஆளுக்கு ஏன் பந்தால எறியினமில்லை?"

"உமக்கு எல்லே தெரியுமோ?"

"பள்ளிக்கூட ரீமில நான்தான் கப்டன்."

வகுப்பை அதோடு நிறுத்தினேன். இத்தனை கிழமையில் இதைக்கூடக் கேட்டு அறியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு பக்கமும் சமநிலை, கடைசிச் சுற்று. ஒருவர் மட்டையை ஓங்கினார். திரை ஒரு வெட்டு வெட்டியது. பார்த்தால், ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் மீன்தொட்டியோடு யாரோ ஒருவனின் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். அண்ணை டெக்கில் குறித்துவைத்த நேரம் முடிந்து பதிவு நின்றுவிட்டது. அதே கசெட்டில் முன்பு அண்ணி பதிந்திருந்த காதல் படத்தின் மிச்சம் தலைகாட்டியது.

எரிச்சலோடு நிறுத்த எழும்பினேன்.

"விடுங்கோ, பாப்பம்" என்றாள்.

லேசான படம்தான். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கும் என்பது அவர்களைத் தவிர ஊருக்கே தெரியும். முன்கதையை என் மனைவி தானாகவே கட்டினாள். மீன் அவனுடையதாம், பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போன இடத்தில் இவள் சாகவிட்டு, வேறு மீன் வாங்கி வந்திருக்கிறாளாம். கதவு திறந்தது, தொட்டி சரிந்தது, தண்ணீர் முழுவதும் அவன் மேல். என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படம் முடிந்ததும், யார் வென்றது என்று கேட்க அண்ணை வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். எடுத்தது அண்ணி.

"என்ர படம் அங்கயோ வந்திருக்கு? பாதி பாத்து வைச்சிருந்தன். உங்கட அண்ணை அதுக்கு மேல பேஸ்போலைப் பதிஞ்சுபோட்டார். முடிவு தெரியாமல் இருக்கிறன்!"

மனைவி கையை நீட்டி ரிசீவரை வாங்கினாள். இவள் முடிவைச் சொல்ல, அண்ணி தொடக்கத்தைச் சொன்னார். மீன் செத்தது உண்மைதானாம். இருவரும் சிரித்த சிரிப்பில் நான் எதற்கு ஃபோன் அடித்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது. பிறகு அண்ணி ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் மூலையில் இருந்த சூட்கேசை ஒருமுறை பார்த்தாள்.

"ஓம், அடுத்த வருஷமும் கசெட் அனுப்பச் சொல்லுங்கோ. நான் இஞ்சதான் இருப்பன்."