நூற்று எழுபத்தொன்பது டொலர் மெஷின்

பவளமக்காவுக்கு நான் சொன்ன சட்டம் பிழை. பிழையென்று தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தட்டில், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் அவர். புருஷன் இன்னும் கொழும்பில். ஒரு தையல் மெஷின் இருந்தால் தொழிற்சாலைத் துணியை வீட்டில் வைத்துத் தைக்கலாம், பிள்ளையை விட்டுப் போகத் தேவையில்லை. அதற்காகவே காசு சேர்த்தார்.

ஒரு கடையின் விளம்பரத் தாளில் மெஷின் நூற்று எழுபத்தொன்பது டொலர் என்றிருந்தது. போய்க் கேட்டால், "அச்சுப் பிழை, இருநூற்று எழுபத்தொன்பது" என்றானாம் கடைக்காரன். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். யாழ்ப்பாணத்தில் சட்டப் பரீட்சைக்குப் பாதி படித்தவன். கட்டிடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்... நானே சொல்லித் திரிந்தேன்!

அங்கே நான் என்ன செய்தேன்? வாதாடவில்லை. ஒப்பந்தச் சட்டம் விளக்கினேன். விளம்பரம் என்பது விற்கிறேன் என்ற வாக்கு அல்ல, வந்து கேளுங்கள் என்ற அழைப்பு மட்டுமே. கேட்பது நாங்கள், மறுப்பது அவன் உரிமை. ஆங்கிலத்திலும் சொன்னேன். கடைக்காரன் தலையாட்டிச் சிரித்தான். எனக்கு உச்சி குளிர்ந்தது!

"அப்ப தம்பி, கலியாணத்துக்குச் சொல்லிப்போட்டு, போனா இலை போடமாட்டினமாம். நாங்கள் பேசாமல் திரும்பி வரவேணும், என்ன?"

"சட்டம் அப்பிடித்தான் அக்கா."

"படிச்ச நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

மெஷின் வாங்காமலே திரும்பினோம். அடுத்த மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனார். பிள்ளை பக்கத்து வீட்டில்.

பனி கரைந்த பிறகு, பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை ஒரு துண்டுப்பிரசுரம் வாசிக்கத் தந்தார். இந்த மாகாணத்தில் வியாபாரி, விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் கேட்கக் கூடாதாம். அகராதியை வைத்து மூன்று தரம் வாசித்தேன்... நான் பாடமாக்கியது இங்கிலாந்துப் புத்தகம்!

ஏன் சொல்லவில்லை? அந்த மலிவு விற்பனைக் காலம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பொய்! படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்தான்.

போன கிழமை பிள்ளை முதல் அடி வைத்ததாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும்.

நேற்று அக்கா என்னைப் படிக்கட்டில் மறித்தார். அகதி விசாரணைக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது.

"லோயரிட்டைப் போகச் சொல்லீனம். எனக்கேன் தம்பி லோயர்? நீங்கள் ஒருக்காப் பாத்தாக் காணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். "ஓம் அக்கா" என்றேன்...