எளச்சுப் போயிட்டீங்களே

நாற்பத்திரண்டு வயதில் ஒரு நாள் என் இடுப்பு ஒரு பலகையை இடித்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளும் விளக்குகளும் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதைக் கத்தியால் வழித்து, ஈரத்துணியால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கி, காய்வதற்கு ரேக்கில் ஏற்ற வேண்டும். அதுதான் என் வேலை. ரேக்குகளுக்கு நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி இருக்கும். அன்று நான் திரும்பியபோது இடுப்பு பட்டு, சூளைக்குப் போகாத பிள்ளையார்கள் ஒரு பலகை நிறையக் கீழே விழுந்தன. சுடாத மண் ஆனதால் பெரிய சத்தம்கூட இல்லை. பொத்தென்று விழுந்து மாவாக உதிர்ந்தன.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். "பரவால்லம்மா, மண்ணுதான, கரைச்சு ஊத்திக்கலாம்" என்றார். பிறகு யோசித்து, "இனிமே நீங்க அந்தப் பக்கமா சுத்திப் போயிடுங்க. இந்த வழி உங்களுக்குப் பத்தாது" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அச்சு மேசையில் நின்ற இரண்டு சின்னப் பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப் வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறினேன். எண்பதைத் தாண்டியிருந்தது. முப்பது வயதில் நாலு நாள் ராத்திரிச் சோற்றைக் குறைத்தால் ரவிக்கை தளர்ந்துவிடும். இப்போது உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி எவ்வளவு காலம் ஆயிற்று என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது காலேஜ் கிரவுண்டில் இருந்தேன். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சம். ஷூவை ஒயர் கூடையில் வைத்துக் கொண்டுபோய் கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு செருப்போடு வருவேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தக் கூச்சம் போய்விட்டது. நாலு மணி போண்டாவை நிறுத்தினேன். மதியம் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். ஒரு வருடத்தில் அறுபத்தாறுக்கு வந்தேன். ரேக்குகளுக்கு நடுவில் பக்கவாட்டில் திரும்பாமல் போனேன்.

அதோடு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. எடையைக் குறைக்கும்போது தினமும் செய்ய ஒரு வேலை இருந்தது. குறைந்த எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு முடிவு என்று ஒன்று இல்லை. வீட்டுக்கே ஓர் எடை மெஷின் வாங்கினேன். காலையில் ஏறுவேன், வேலை முடிந்து வந்ததும் ஏறுவேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது போய் ஒரு தடவை ஏறிவிட்டு வருவேன். அரைக் கிலோ கூடியிருந்தால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "டிவிய மறைக்காத. செத்த உக்காரேன்" என்பார் என் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் கால் ஆடும்.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சதை போன இடத்தில் தோல் அப்படியே நின்றுவிட்டது. மேல்கையைத் தூக்கினால் துணி மாதிரித் தொங்கும். வயிற்றிலும் அப்படித்தான். ரவிக்கைக் கையை முழங்கை வரைக்கும் நீளமாகத் தைத்துக்கொண்டேன். குண்டாக இருந்தபோது நான் எதையும் மூடி மறைத்ததில்லை. இளைத்த பிறகு உடை மாற்றும்போதுகூடக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

பிறகு ஊர் கேட்கத் தொடங்கியது. தையல்காரர், காய்காரம்மா, யூனிட்டில் பேக்கிங் பக்கம் இருக்கிறவர்கள் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி. "என்னாங்க, பாதியா எளச்சுப் போயிட்டீங்களே. சுகரா?"

"இல்லீங்க. நடக்கிறேன்."

"நடந்தா இவ்ளோ எளைக்குமா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் எல்லா டெஸ்டும் ஒரு தடவ எடுத்துடுங்க" என்பார்கள்.

திட்டக்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து பந்தியில் உட்காரும் வரைக்கும் இதே பேச்சு. பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நாலு பேரு என்னத் தனியா கூப்ட்டுக் கேக்குறாங்க. பொண்டாட்டிக்கு சோறு போடுறியா இல்லியான்னு ஒருத்தன் கேக்குறான்."

"என்னா சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது. அவதான் திங்க மாட்டேங்குறான்னு சொன்னேன். அதையும் நம்பல."

கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே நடந்துதான் இளைத்தேனா? பொம்மையை வழித்துக்கொண்டிருக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகும். கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பேன். கையில் இருந்த மண் கழுத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சொன்ன பிறகு துடைப்பேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். என் வீட்டுக்காரரின் அக்கா பெண்ணாடத்திலிருந்து பையோடு வந்து இறங்கினார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். அண்ணி நல்ல பருமன், கணீரென்ற குரல், சமையலில் கெட்டிக்காரர். பையில் உளுந்து, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் இருந்தன.

"செத்த நாளு இருந்துட்டுப் போறேன். ஒன்ன இப்புடியே வுட முடியாது" என்றார்.

அன்றிலிருந்து காலையில் வெல்லமும் எண்ணெயும் ஊற்றிய உளுந்தங்களி. மதியத்துக்கு அடுக்கு கேரியர். ராத்திரி நெய் தோசை. எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். வயதில் மூத்தவர் ஆசையாகச் செய்து போடும்போது வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்ல முடியும்? சாப்பிட்டேன். சாப்பிட்டதைக் கரைக்க சாயந்திரமும் கிரவுண்டுக்கு ஓடினேன். அப்படியும் மெஷினில் முள் ஏறிக்கொண்டே போனது. வேலை செய்யும்போது மனம் முழுக்க அந்த முள்தான். பிள்ளையாரின் துதிக்கையை இரண்டு தடவை வழித்தே உடைத்துவிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி அண்ணி இன்னொரு தோசையைத் தட்டில் போட்டார். நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"போதும் அண்ணி. என்ன வுட்டுடுங்க."

"யாருகிட்ட பேசுறன்னு தெரிஞ்சு பேசு" என்று என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து சொன்னார்.

அண்ணி அவரைக் கையமர்த்தினார். "நீ சும்மா இருடா. இந்தாம்மா, ஒரு டெஸ்டு எடுத்துடு. ஒண்ணுமில்லன்னு காயிதத்துல வந்துட்டா நாளைக்கே பஸ்ஸு ஏறிடுறேன்."

"நீங்களும் ரத்தம் குடுத்தா நானும் குடுக்குறேன்" என்றேன். எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

"எனக்கு எதுக்கு? நான் கல்லாட்டம் இருக்கேன்" என்று அண்ணி சிரித்தார். ஆனால் மறுநாள் வெறும் வயிற்றோடு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லேபில் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். சாயந்திரம் போய் வாங்கியபோது, அங்கிருந்த பெண் என் தாளை முதலில் கொடுத்து, "உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லா இருக்குது" என்றாள். அண்ணியின் தாளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க சுகருக்கு மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"எனக்கு ஏது சுகரு?"

"ரொம்ப இருக்குதும்மா. டாக்டர உடனே பாத்துடுங்க."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். "சக்கர ஆலை ஊருல குடியிருந்தா சக்கர வராம என்னா வரும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"ஒங்கண்ணன் எளைக்க ஆரம்பிச்சப்ப நாந்தான் மொதல்ல சொன்னேன். தொப்ப கொறஞ்சி வயசுப் பையனாட்டம் இருக்கீங்கன்னேன். அவருக்கும் சந்தோசம். சட்ட எல்லாம் தொளதொளன்னு ஆச்சுன்னு புடிச்சுத் தைக்கக் குடுத்தேன். அத ரெண்டு தடவகூட போடல."

நான் அண்ணன் என்று கூப்பிட்ட அவருடைய கணவர், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். வயிற்றில் புற்று என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். காரியத்துக்குப் போய் மூன்று நாள் தங்கியிருந்தேன். சட்டை விஷயம் மட்டும் தெரியாது.

"ஒன்ன திட்டக்குடி கல்யாணத்துல பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நல்லா இருக்கன்னு சொல்லவும் வாய் வரல" என்றார்.

இத்தனை நாளும் அவர் என்னை அடக்கி ஆள்வதற்காகவே சோறு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்த டம்ளரை வாங்கி வைத்தேன். "வாங்க, டாக்டரப் பாத்துட்டே போயிடலாம்" என்றேன்.

டாக்டர் அண்ணிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். என் தாளையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கீங்க. ரெண்டு கிலோ ஏறும், எறங்கும். அதுக்காகப் பட்டினி கெடக்காதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போனதும் மெஷினில் ஏறினேன்.

அண்ணி சொன்னபடி மறுநாள் பஸ் ஏறவில்லை. என்னோடு கிரவுண்டுக்கு வந்தார். ஒரு சுற்று நடந்து, மூச்சு வாங்க மரத்தடியில் உட்கார்ந்து, நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். களி நின்றது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சமைத்தேன். ஊருக்குப் போன பிறகு தினமும் போன் செய்தார். ஆலை ரோட்டில் நடக்கிறாராம். கரும்பு வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றனவாம். முட்டி வலிக்கிறதாம். ராத்திரி சாப்பிட்ட சப்பாத்தி காலை வரைக்கும் நெஞ்சிலேயே நிற்கிறதாம்.

தை மாதம் நானும் என் வீட்டுக்காரரும் பெண்ணாடம் போனோம். காலையில் அண்ணி என்னைக் கொல்லைக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனார். கரும்பு வெட்டிய வயல் ஓரத்தில் பம்புசெட்டு, அதன் முன்னால் தொட்டி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வீட்டில் நான் பாத்ரூமில்தான் குளித்திருக்கிறேன். பாவாடையை நெஞ்சுக்குமேல் கட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போர்த்தியபடியே தண்ணீரில் இறங்கினேன்.

"துண்டோட யாரு குளிப்பா?" என்று அண்ணி அதை இழுத்து மேட்டில் போட்டார். என் மேல்கையைப் பார்த்தார். "இது என்னா, இப்புடித் தொங்குது?"

"எளச்சா அப்புடித்தான் அண்ணி. இந்த வயசுக்கு மேல தோலு சேந்து சுருங்காதாம்."

அவர் தன் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். "எனக்கும் ஆரம்பிச்சிருக்குது பாரு." இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதுதான் அதிகம். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது போலத் தெரிந்தது.

வயலில் வேலை செய்த இரண்டு பெண்கள் கை கால் கழுவ வந்தார்கள். என் கை துண்டைத் தேடியது. எட்டுகிற தூரத்தில் அது இல்லை. அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்துவிட்டு அண்ணியிடம், "தம்பி பொண்டாட்டியா? ஏன் இப்புடி எளச்சிட்டாங்க, சுகரா?" என்று கேட்டார்.

"சுகரு எனக்கு. அவ நடக்குறா" என்றார் அண்ணி, முதுகில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே.

அந்தப் பெண்கள் கால் கழுவிவிட்டுப் போனார்கள். நான் தண்ணீருக்குள்ளேயே இருந்தேன். குழாயிலிருந்து வந்து விழுந்த தண்ணீர் தோளில் கனமாக இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்றைக்கு நடக்கவில்லையே, இந்த ஊரில் எங்கே மெஷின் இருக்கும் என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலுக்கும் தோட்டத்துக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். அண்ணி ஒரு முறம் நிறைய மொச்சைக்காயைக் கொண்டுவந்து நீட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நின்றபடியே உரித்தேன். நின்றுகொண்டு முறத்தைப் பிடிப்பது சிரமமாக இருந்ததால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.