சாமி அறையில் இருந்த செம்பு

என் அப்பா சாவுகளை எண்ணுகிற வேலையில் இருந்தார். சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தா. பினாங்கு முழுவதிலிருந்தும் வரும் மரணத் தாள்களை வயதுவாரியாகவும் நோய்வாரியாகவும் பிரித்து அட்டவணையில் ஏற்றுவார். எமனுக்கு ஒரு சித்திரகுப்தன், பினாங்குக்கு இவன் என்று பெரியப்பா வரும்போதெல்லாம் கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்புகிற வயது.

ஒருநாள் சாப்பிடும்போது, ஆயிரம் பேர் இருந்தால் வருஷத்துக்கு இத்தனை பேர் போவார்கள் என்று அப்பா அம்மாவிடம் ஏதோ எண் சொன்னார். அந்த எண் எனக்கு நினைவில்லை. அந்த இத்தனை பேரை யார் பொறுக்குகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் பொறுக்குறதில்லம்மா. அது பாட்டுக்கு வரும்," என்றார் அப்பா.

அதைவிடப் பயங்கரமான பதிலை நான் கேட்டதில்லை. யாராவது பொறுக்கினால் கெஞ்சியாவது பார்க்கலாம். டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவையும் பின்னால் இருந்த பிளாட்டையும் சேர்த்தால் ஆயிரம் பேர் தேறும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அப்படியானால் எங்களுக்குள்ளேயே இத்தனை பேர் இந்த வருஷம் போயாக வேண்டும். பள்ளி வேனில் ஏறியதும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போவேன். நரைத்த தலையைக் கண்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் வட்டாரத்தில் டெங்கி பரவியது. மாலையானால் புகை அடிக்க ஆட்கள் வருவார்கள், வெள்ளைப் புகையில் எதிர்வீடு காணாமல் போய்த் திரும்பி வரும். பிளாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. ஒன்று என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். அக்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்தவர் கைப்பையைக்கூட வைக்காமல் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தையின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று அப்பாவிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் செய்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுப் பப்பாளி மரத்திலிருந்து இலை பறித்து, இடித்துச் சாறு பிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் அப்பாவிடம் தினமும் கொடுத்தனுப்பினார். அக்கா ஒரு தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். காலையில் வேனுக்கு நிற்கும்போது என் ரிப்பனை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிடுவார், அம்மா கட்டியது அவருக்குப் பிடிக்காது.

அம்மா சாமியிடம் போனார். எவர்சில்வர் செம்பில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் துணி சுற்றி, மாவிலை செருகி, சாமி அறையில் வைத்தார். அத்தை வீடு திரும்பும் அன்று அந்தத் தண்ணீரைத் தெளித்து உள்ளே அழைப்பதாக நேர்த்தி. அதுவரை செம்பை நகர்த்தக்கூடாது, தண்ணீரை மாற்றக்கூடாது.

ஆறேழு நாள் கழித்து விபூதி எடுக்கப் போனவள் செம்புக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசைந்தது. நூல் துண்டு போல நாலைந்து உயிர்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு மேலே வந்தன, என் நிழல் பட்டதும் கீழே போயின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி தண்ணீருக்கு உயிர் கொடுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பள்ளிச் சுவரில் ஜெந்திக்-ஜெந்திக் படம் ஒட்டியிருந்தார்கள். கொசுவின் புழு, என் கை நீளத்துக்கு, உடம்பெல்லாம் மயிரோடு பூதம் மாதிரி இருக்கும். பக்கத்தில் பழைய டயர், பூச்சட்டி, தகர டின் எல்லாம் வரைந்திருந்தார்கள். சாமி செம்பை யாரும் வரையவில்லை.

இவை இருக்கும்வரை அத்தையும் இருப்பார் என்று முடிவு செய்தேன். தினமும் எழுந்ததும் போய் எண்ணுவேன். ஒருநாள் பதினொன்று இருந்தன. அன்று சாயங்காலமே அத்தையின் ரத்தம் தேறி வருகிறது என்று அப்பா சொன்னார். இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது.

அந்தச் சனிக்கிழமை வீடு வீடாகச் சோதிக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெரியவரும் ஒரு தமிழ் அண்ணனும், அப்பாவின் அலுவலக ஆட்கள். குளியலறைத் தொட்டி, பூச்சட்டி, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்தார்கள். பெரியவர் சாமி அறைப் பக்கம் திரும்பினார். எடுத்துக் கொட்டிவிட்டால் அத்தை செத்துப்போவார். ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றேன்.

"சாமி ரூம், அங்கள். சப்பாத்தோட வரக்கூடாது."

அண்ணன் சிரித்துக்கொண்டே பெரியவரிடம் மலாயில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "சார் வீட்டுல என்னா இருக்கப் போவுது லா," என்றார். பெரியவர் மரியாதையாக ஒரு அடி பின்வாங்கித் தாளில் குறி போட்டார். அம்மா அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் அத்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தை வீடு திரும்பினார். அன்று காலை செம்பில் மூன்றுதான் இருந்தன. மற்றவை வேலை முடிந்து சாமியிடம் போய்விட்டதாக நினைத்தேன். அம்மா செம்பை வாசலுக்குக் கொண்டுவந்தபோது அப்பா தற்செயலாக உள்ளே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செம்பை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய், வெயிலில் காய்ந்த சிமெண்டில் ஊற்றினார். தண்ணீர் உலரும்வரை அங்கேயே நின்றார். செம்பைப் பிரஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி, குழாயில் புதிதாகப் பிடித்துக் கொடுத்தார். நேர்த்தியைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது.

மறுவாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா காலையும் மாலையும் அந்த வீட்டுக்குப் போனார். சாதாரணக் காய்ச்சல்தான் என்று அவர்கள் சொன்னதைக் கேட்காமல், தானே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்காவின் மரத்திலிருந்தே இலை பறித்து இடித்தார். சாறு அவர் சட்டையெல்லாம் தெறித்திருந்தது. ஐந்தாம் நாள் அக்கா இறந்துபோனார்.

தெருவில் அத்தனை பேருக்கு டெங்கி இருந்தது. எந்தக் கொசு எங்கிருந்து பறந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. அப்பாவும் சொன்னதில்லை.

அக்காவை எடுத்த மறுநாள் மாலை அப்பா சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது. அக்காவுக்காக நான் அழுதிருந்தேன். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை உறுதி செய்துகொள்ள அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அக்கா போயிட்டாங்கல்ல. அப்போ நம்ம தெரு கணக்கு முடிஞ்சிருச்சா? அத்தைக்கு இனி ஒன்னும் ஆகாதுதானே?"

அப்பா பேனாவை மூடி வைத்தார். பரப்பிய தாள்களின்மேல் இரண்டு கைகளையும் விரித்து அழுத்திக்கொண்டார். தாள் பறக்கிறது என்று நினைத்து, நான் போய் மின்விசிறியைக் குறைத்து வைத்தேன்.